கழக்கூட்டத்தில் இறங்குபவர் எத்தனை பேர்?

கொல்லத்திலிருந்து நாகர்கோவிலுக்குக் காரில் வருகிறவருக்குக் கழக்கூட்டம் இப்போது இரண்டு நிமிட ஊர். தேசிய நெடுஞ்சாலை 66-இல் 2.72 கிலோமீட்டர் நீளத்துக்கு உயர்மட்டச் சாலை ஒன்று 2022 இறுதியில் திறக்கப்பட்டது. மேலே ஏறி எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போனால், சந்திப்பு எங்கே இருந்தது என்றே தெரியாமல் அந்தப் பக்கம் இறங்கிவிடலாம். அதே காலை ஒன்பது மணிக்கு, அதே தூண்களுக்குக் கீழே, டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் ஒருவர் ஆட்டோவுக்கும் அரசுப் பேருந்துக்கும் நடுவே ஸ்கூட்டரில் ஒரு காலை ஊன்றியபடி நின்றுகொண்டிருப்பார். பாலம் வருவதற்கு முன்பு இந்த இருவரும் ஒரே வரிசையில் ஒருவர் பின் ஒருவராக நின்றவர்கள்.

நெரிசலில் நிற்கும் வண்டிகள் எல்லாம் பார்க்க ஒன்றுபோல்தான் இருக்கும். எது கோவளம் தாண்டிப் போகப்போகிறது, எது அடுத்த முனையில் திரும்பி அலுவலக வாசலில் நிற்கப்போகிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஆனால் பாலம் கட்ட நினைப்பவருக்குத் தேவையான முதல் எண் அதுதான். நின்ற 100 வண்டிகளில் 70 வண்டிகள் மேலே ஏறிவிடும் என்றால் பாலம் சந்திப்பைக் காப்பாற்றும். 20 மட்டுமே ஏறும் என்றால் மேலே சாலை வெறிச்சோடிக் கிடக்க, கீழே நெரிசல் ஏறக்குறைய அப்படியே இருக்கும். செலவு இரண்டுக்கும் ஒன்றே. இல்லாத பாலத்தில் யார் ஏறுவார்கள் என்பதை அது கட்டப்படும் முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது?

கழக்கூட்டத்தின் அமைப்பைக் கொஞ்சம் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். திருவனந்தபுரத்துக்கு வடக்கே, நெடுஞ்சாலை இரண்டாகப் பிரியும் இடம் இது. பழைய சாலை காரியவட்டம், ஸ்ரீகாரியம், உள்ளூர், கேசவதாசபுரம் வழியாக நகருக்குள் போகிறது. புறவழிச்சாலை டெக்னோபார்க்கை ஒட்டி, ஆக்குளம், சாக்கை, ஈஞ்சக்கல், திருவல்லம் என்று கடற்கரைப் பக்கமாக இறங்கி, தமிழக எல்லையில் காரோடு வரை செல்கிறது. வெஞ்ஞாறமூடு பக்கமிருந்து எம்.சி. சாலையின் வண்டிகளும் இங்கே வந்து சேர்கின்றன. போதாதற்கு, 1990-இல் தொடங்கிய டெக்னோபார்க்கில் இன்று 70,000-க்கும் மேற்பட்டோர் வேலை பார்க்கிறார்கள். களியக்காவிளை, மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கத்திலிருந்து வருகிற நம் பிள்ளைகளும் அதில் உண்டு. ஆக இந்த ஒரு சந்திப்பு, கடந்து போகிறவர்களுக்கு வழியாகவும் வந்து சேர்கிறவர்களுக்கு வாசலாகவும் ஒரே நேரத்தில் இருந்தது. இரண்டு வேலையையும் ஒரே தரையில் செய்ததுதான் அதன் நோய்.

சாலையோரம் ஒருவரை உட்கார வைத்து வண்டிகளை எண்ணச் சொல்லலாம். இன்று அதை கேமராவே செய்கிறது. ஆனால் எண்ணிக்கை எத்தனை துல்லியமாக இருந்தாலும் அது ஒரு புள்ளியைக் கடந்த வண்டிகளின் தொகைதான். எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்பது அதில் இல்லை. அதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. போக்குவரத்துக் காவலரின் உதவியோடு சில வண்டிகளை ஓரம் கட்டி, எங்கிருந்து, எங்கே, எதற்காக என்று கேட்பது பழைய முறை. வழியின் இரு முனைகளிலும் பதிவெண்களைக் குறித்து, இங்கே நுழைந்த வண்டி அங்கே எத்தனை நிமிடத்தில் வெளியேறியது என்று பொருத்திப் பார்ப்பது இன்னொன்று. ஐந்து நிமிடத்தில் மறுமுனைக்கு வந்த வண்டி கடந்து போனது. வராதது உள்ளே எங்கோ நின்றுவிட்டது. வீடு வீடாகப் போய், நேற்று வீட்டில் யார் யார் எங்கெங்கே எதில் போனார்கள் என்று கேட்கும் கணக்கெடுப்பும் உண்டு. கழக்கூட்டத்துக்குப் பக்கத்திலேயே, ஆக்குளத்தில் இருக்கும் நாட்பாக் என்கிற தேசியப் போக்குவரத்துத் திட்டமிடல் ஆராய்ச்சி மையம் 1976 முதல் இந்த வகை ஆய்வுகளைச் செய்துவருகிறது. புறவழிச்சாலையில் வண்டிகளுக்குக் கைகாட்டி, கையில் அட்டையோடு வந்து கேள்வி கேட்கிற இளைஞர்களை அடுத்த முறை பார்த்தால் எரிச்சல்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். பின்னால் வரும் கோடிக்கணக்கான ரூபாய்க் கணக்குக்கு அந்தப் பதில்தான் மூலப்பொருள்.

இப்படித் திரட்டியதெல்லாம் ஒரு பெரிய அட்டவணையாகிறது. நகரையும் சுற்றுப்புறத்தையும் நூற்றுக்கணக்கான சிறு பகுதிகளாக வெட்டி, ஒவ்வொரு பகுதியிலிருந்து மற்ற ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரத்தில் எத்தனை பயணங்கள் என்று நிரப்புகிறார்கள். இதைப் புறப்பாடு-சேர்விட அட்டவணை எனலாம். கணினிப் போக்குவரத்து மாதிரி என்று சொல்லப்படுவதன் அடித்தளம் இதுதான். திரையில் வண்ண வண்ணமாக ஓடும் குட்டிக் கார்கள் அதன் மேல்பூச்சு.

எல்லோரையும் கேட்க முடியாது. நூற்றில் இரண்டு மூன்று பேரைக் கேட்டுவிட்டு மீதியை ஊகிக்க வேண்டும். அந்த ஊகத்துக்கு 1950-களில் அமெரிக்காவின் டெட்ராய்ட், சிகாகோ நகரங்களில் நடந்த ஆய்வுகள் ஒரு நடைமுறையை வகுத்தன. உலகம் முழுக்க இன்னும் அதன் வாரிசுகள்தான் புழங்குகின்றன. கல்யாணம் நடத்திய எந்தக் குடும்பத்துக்கும் அந்த நடைமுறை தெரியும். முதலில், பத்திரிகை வைத்த வீடுகளில் எத்தனை தலை வரும் என்று கணக்குப் போடுவோம். பிறகு, முகூர்த்தத்துக்கு எத்தனை பேர், முந்தைய நாள் வரவேற்புக்கு எத்தனை பேர் என்று பிரிப்போம். யார் வேனில் வருவார்கள், யார் சொந்தக் காரில் வருவார்கள் என்று பார்ப்போம். கடைசியாக, மண்டபத்துக்கு இரண்டு வாசல் இருந்தால் எந்த வாசலில் கூட்டம் முட்டும் என்று யோசிப்போம். போக்குவரத்து மாதிரியிலும் இதே நான்கு படிகள்தாம்: ஒரு பகுதியிலிருந்து எத்தனை பயணங்கள் கிளம்பும் என்பது பயண உருவாக்கம், அவை எங்கெங்கே போய்ச் சேரும் என்பது பயணப் பகிர்வு, காரா, பேருந்தா, இருசக்கர வண்டியா என்பது வாகனத் தேர்வு, எந்தச் சாலை வழியாக என்பது வழி ஒதுக்கீடு.

இரண்டாவது படியில் ஒரு வேடிக்கையான இரவல் இருக்கிறது. நியூட்டனின் ஈர்ப்பு விதியைப் போலவே, இரண்டு இடங்கள் பெரிதாக இருந்தால் அவற்றுக்கிடையே பயணம் அதிகம், தூரம் கூடினால் குறைவு என்று வைத்துக்கொள்கிறார்கள். பெயரும் ஈர்ப்பு மாதிரிதான். டெக்னோபார்க்குக்கு ஸ்ரீகாரியத்திலிருந்து வருகிறவர்கள் கொல்லத்திலிருந்து வருகிறவர்களைவிட அதிகம் என்பதைச் சொல்ல விதி எதற்கு என்று கேட்கலாம். எவ்வளவு அதிகம் என்பதில்தான் அதன் பயன். கணக்கெடுப்பில் கிடைத்த விடைகளை வைத்து, தூரம் கூடக்கூடப் பயணம் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதை அந்தந்த ஊருக்குத் தக்கபடி முடுக்குகிறார்கள். இதில் தூரம் என்பது கிலோமீட்டர் மட்டுமல்ல. நேரம், பெட்ரோல், சுங்கம் எல்லாம் சேர்ந்த செலவு. 2021-இல் திருவல்லத்தில் சுங்கச்சாவடி வசூலைத் தொடங்கியபோது, தரையில் ஒரு அங்குலமும் மாறாமலே அந்த வழி பலருக்கு நீண்டுவிட்டது.

நான்காவது படி எனக்குப் பிடித்தது. கழக்கூட்டத்திலிருந்து நகரின் தெற்குப் பக்கம் போக வேண்டும். ஸ்ரீகாரியம் வழியும் உண்டு, சாக்கை வழியும் உண்டு. எல்லோரும் குறுகிய வழியையே எடுத்தால் அது அடைத்துக்கொண்டு நீண்ட வழியாகிவிடும். உடனே சிலர் மாறுவார்கள்; மாறிய வழியும் கொஞ்சம் மெதுவாகும். இப்படித் தள்ளித் தள்ளி, இனி யாரும் தனியாக வழியை மாற்றி ஒரு நிமிடம்கூட மிச்சம் பிடிக்க முடியாது என்கிற நிலையில் எல்லாம் நிற்கும். 1952-இல் ஜான் கிளென் வார்ட்ராப் என்கிற பிரிட்டிஷ் ஆய்வாளர் இதை ஒரு கொள்கையாக எழுதிவைத்தார். கணினி அதைத்தான் செய்கிறது: எல்லா வண்டிகளையும் ஒருமுறை சாலைகளில் ஏற்றிப் பார்க்கிறது, எவை அடைத்தன என்று பார்த்து நேரத்தைத் திருத்துகிறது, மறுபடி ஏற்றுகிறது. எண்கள் அசையாமல் நிற்கும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்கிறது. இல்லாத பாலத்தை வரைபடத்தில் ஒரு கோடாகச் சேர்த்துவிட்டு இதே சுற்றை ஓட்டினால், அந்தக் கோட்டில் எத்தனை வண்டிகள் ஏறின என்பது விடையாக வந்துவிடும். நாம் தேடிய எண் அதுதான்.

இந்தச் சமநிலை எல்லோருக்கும் நல்லதாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 1968-இல் டீட்ரிக் பிராஸ் என்கிற ஜெர்மானியக் கணிதவியலாளர், ஒரு புதிய சாலையைச் சேர்ப்பதாலேயே எல்லோருடைய பயண நேரமும் கூடிவிடக்கூடிய வலையமைப்பு ஒன்றைக் காட்டினார். ஒவ்வொருவரும் தனக்கு நல்லது என்று புதுச் சாலைக்குத் தாவ, அது இட்டுச்செல்லும் பழைய குறுகல்கள் எல்லோரையும் பிடித்துக்கொள்கின்றன. இதை மனக்கணக்கில் ஊகிக்க முடியாது. மாதிரி வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல நியாயம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது ஒரு பொறி. எண்ணிக்கை என்பது வெளிப்படையான உண்மை, மாதிரிதான் ஊகம் என்று தோன்றும். நெரிசல் உள்ள இடத்தில் இது தலைகீழ். பழைய கழக்கூட்டம் சந்திப்பில் விளக்கு பச்சையாக இருக்கும் நேரத்தில் குறிப்பிட்ட அளவு வண்டிகள்தாம் கடக்க முடியும். பின்னால் 50 வண்டி காத்திருந்தாலும் 500 காத்திருந்தாலும் கடப்பது அதே அளவு. அங்கே உட்கார்ந்து எண்ணியவர் எழுதிவைத்தது சந்திப்பின் கொள்ளளவை. போக விரும்பியவர்களின் தொகையை அல்ல. அதற்கு வரிசையின் வாலையும் பார்க்க வேண்டும். நெரிசலுக்குப் பயந்து வேறு வழியில் போனவர், ஏழு மணிக்கே கிளம்பிவிட்டவர், வராமலே இருந்துவிட்டவர் என எல்லோரையும் சேர்க்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் இதனுடன் சேர்ந்தது. 1930-களில் அமெரிக்காவின் ஒகாயோவில் புரூஸ் கிரீன்ஷீல்ட்ஸ் என்கிற பொறியாளர் சாலையோரம் படக்கருவியை வைத்து வண்டிகளைப் படம் பிடித்து, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே அவை நகர்ந்த தூரத்தை அளந்தார். வண்டிகள் நெருங்க நெருங்க வேகம் குறைவதை எண்களாக்கியவர் அவர். அதிலிருந்து கிடைக்கும் முடிவு எளிது, ஆனால் எதிர்பாராதது. சாலை காலியாக இருக்கும்போது ஒரு மணி நேரத்தில் கடக்கும் வண்டிகள் குறைவு, ஏனென்றால் வண்டிகளே இல்லை. சாலை திணறும்போதும் கடக்கும் வண்டிகள் குறைவு, ஏனென்றால் நகர முடியவில்லை. நடுவில் எங்கோ உச்சம். ஆக, ஒரு மணி நேரத்துக்கு 1,000 வண்டிகள் என்று ஏட்டில் இருந்தால், அது இரவு பதினொன்றரையின் சுகமா, காலை ஒன்பதரையின் நரகமா என்று ஏட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் நல்ல ஆய்வில் எண்ணிக்கையோடு பயண நேரத்தையும் அளப்பார்கள்.

இதுவரை சொன்னது பெருமாதிரி. அதில் தனித்தனி வண்டி கிடையாது. சாலைக்கு இவ்வளவு என்று ஓட்டம் மட்டும் உண்டு. பாலம் வேண்டுமா என்று முடிவெடுக்க அது போதும். பாலம் எந்த இடத்தில் தரை தொட வேண்டும் என்று முடிவெடுக்கப் போதாது. பாலத்திலிருந்து இறங்கும் வண்டி இடப்பக்கம் விலகி ஒரு வாசலுக்குத் திரும்ப வேண்டும். அதே இடத்தில் கீழ்ச்சாலையிலிருந்து வரும் வண்டி வலப்பக்கம் ஏறி நெடுஞ்சாலையில் சேர வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று குறுக்கே பின்னிக் கடக்க 300 மீட்டர் இருந்தால் பிரச்சினை இல்லை; 80 மீட்டர்தான் என்றால் தினமும் ஹாரன் சத்தம்தான். இதைப் பார்க்க நுண்மாதிரி வேண்டும். ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் ஓட்டுநர், ஒவ்வொரு ஓட்டுநருக்கும் ஒரு குணம். முன்னால் போகும் வண்டியோடு எவ்வளவு இடைவெளி விடுவார், எப்போது பிரேக்கை மிதிப்பார், எவ்வளவு சந்து கிடைத்தால் நுழைவார் என்று விதிகள். ஒரு நொடியைப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொரு பங்குக்கும் எல்லா வண்டிகளையும் கொஞ்சம் நகர்த்துவது கணினியின் வேலை.

1974-இல் கார்ல்ஸ்ரூ பல்கலைக்கழகத்தின் ரெய்னர் வீடெமான் அமைத்த விதிகள் இன்றும் உலகெங்கும் விற்கப்படும் விஸ்ஸிம் மென்பொருளின் உள்ளே இருக்கின்றன. அவருடைய கருத்து மனித இயல்பிலிருந்து வந்தது: முன்வண்டி மெல்ல மெல்லக் கிட்டே வருவதை ஓட்டுநர் உடனே உணர்வதில்லை, ஓர் அளவைத் தாண்டிய பிறகுதான் உணர்ந்து வேகத்தைக் குறைக்கிறார், பெரும்பாலும் தேவைக்கு மேல் குறைக்கிறார். விபத்தோ விளக்கோ எதுவும் இல்லாமல் நெரிசல் பிறப்பது இதனால்தான். 2008-இல் ஜப்பானில் யூகி சுகியாமா குழுவினர் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை ஓடவிட்டு, எல்லோரும் ஒரே வேகத்தில் போங்கள் என்றார்கள். கொஞ்ச நேரத்தில், யாரும் எதுவும் செய்யாமலே, ஓரிடத்தில் கார்கள் நின்றுவிட்டன. அந்த நிற்றல் ஓர் அலையாக, கார்கள் போகும் திசைக்கு எதிராக, மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி ஊர்ந்தது. சாலை நெரிசலில் இப்படி அலைகள் பின்னோக்கி ஓடும் என்று லைட்ஹில், விட்டம் என்கிற கணிதவியலாளர்கள் 1955-லேயே காகிதத்தில் காட்டியிருந்தார்கள். ஆற்று வெள்ளம் பற்றிய கணக்கையும் அதே ஆண்டு அவர்கள் இதனோடு சேர்த்தே வெளியிட்டார்கள்.

ஆனால் இந்த விதிகள் எல்லாம் ஒரு வண்டிக்குப் பின்னால் ஒரு வண்டி, ஒரு தடத்தில் ஒரு வண்டி என்று போகும் ஊர்களில் பிறந்தவை. நம் சாலையில் ஸ்கூட்டருக்கு முன்னால் இருப்பது பாதிப் பேருந்தும் கால் ஆட்டோவும். முன்வண்டி எது என்பதே கேள்வி. நடுவில் ஒரு சந்து தெரிந்தால் அதுதான் தடம். பழைய பொறியாளர்கள் இதற்கு ஒரு சமாளிப்பு வைத்திருந்தார்கள்: எல்லா வண்டிகளையும் காராக மாற்றுவது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1990-இல் ஊர்ப்புறச் சாலைகளுக்கு வெளியிட்ட வழிகாட்டியில் கார் 1, மோட்டார் சைக்கிள் அரை, பேருந்தும் லாரியும் 3, பெரிய மாட்டு வண்டி 8. மாட்டு வண்டி எட்டுக் கார்களுக்குச் சமம் என்பதைப் படித்துச் சிரிக்கலாம். ஒரு முறை அதன் பின்னால் மாட்டிக்கொண்டவர் சிரிக்க மாட்டார். சிக்கல் என்னவென்றால், இந்த எண்கள் நிலையானவை அல்ல. காலியான சாலையில் மோட்டார் சைக்கிள் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. சிவப்பு விளக்கில் முன்வரிசையை அடைத்துக்கொண்டு நிற்கும் நாற்பது மோட்டார் சைக்கிள்களின் கதை வேறு.

இதற்கு மாற்று தேடிய முக்கியமான ஆய்வு சென்னையில் நடந்தது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் வ. தமிழ் அரசனும் மாணவர்களும் ஹெட்டரோசிம் என்ற மாதிரியை உருவாக்கினார்கள். அதில் தடங்களே கிடையாது. சாலை முழுவதும் ஒரே பரப்பு. ஒவ்வொரு வண்டியும் தன் நீள அகலத்தோடு ஒரு செவ்வகமாக, பக்கவாட்டிலும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்ற விதியோடு, கிடைத்த இடத்தில் நகரும். பிறகு 2014-இல் சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தில் எடுத்த வீடியோவிலிருந்து ஒவ்வொரு வண்டியின் பாதையையும் ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தார்கள். அந்தச் சாலையில் பாதிக்கு மேல் இருசக்கர வண்டிகள். கலப்புப் போக்குவரத்தை ஆராயும் வெளிநாட்டு ஆய்வுகளும் இன்று அந்தத் தரவை எடுத்துக் கையாள்கின்றன. 2017-இல் மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட இந்திய நெடுஞ்சாலைக் கொள்ளளவுக் கையேடும் இந்தியச் சாலைகளில் எடுத்த அளவுகளையே அடிப்படையாக வைத்தது. ஜெர்மானிய விண்வெளி மையம் 2001 முதல் இலவசமாகத் தரும் சுமோ மென்பொருளில்கூட இப்போது ஒரே தடத்துக்குள் இரண்டு ஸ்கூட்டர்கள் பக்கம் பக்கமாகப் போகலாம். கழக்கூட்டத்தை மாதிரியில் போட விரும்பும் ஒரு கல்லூரி மாணவருக்கு இன்று தடையாக இருப்பது மென்பொருளின் விலை அல்ல, தரவு.

சரி, மாதிரி சொல்வதை எப்படி நம்புவது? எதிர்காலத்தைக் கேட்கும் முன், இன்றைய நாளை அதனிடம் கேட்பார்கள். பாலம் இல்லாத கழக்கூட்டத்தை முதலில் உள்ளே கட்டி, காலை எட்டரை முதல் ஒன்பதரை வரை ஓட்டி, வெளியே எண்ணியதோடு ஒப்பிட வேண்டும். பொருந்தாவிட்டால் விதிகளை முடுக்க வேண்டும், இது அளவுத்திருத்தம். பிறகு, முடுக்கும்போது பயன்படுத்தாத வேறொரு நாளின் தரவை எடுத்து மறுபடி ஒப்பிட வேண்டும், இது சரிபார்ப்பு. இரண்டாவதைச் செய்யாமல் முதலாவதோடு நிறுத்துவது, வினாத்தாளைக் கையில் வைத்துக்கொண்டே தேர்வெழுதுவதற்கு ஒப்பு. எவ்வளவு பொருந்தினால் போதும் என்பதற்கு, 1970-களில் லண்டனில் வேலை பார்த்த ஜெஃப்ரி ஹேவர்ஸ் ஒரு புத்திசாலித்தனமான அளவைத் தந்தார். நிஜத்தில் 100 வண்டி ஓடும் சந்தில் மாதிரி 200 என்று சொன்னால் அது பெரிய தவறு. 5,000 ஓடும் நெடுஞ்சாலையில் 5,100 என்று சொன்னால் யாரும் கவலைப்படத் தேவையில்லை. இரண்டிலும் வித்தியாசம் நூறுதான். அவருடைய அளவு முதலாவதற்கு 8-க்கு மேல் மதிப்பெண் தரும், இரண்டாவதற்கு ஒன்றரைக்குள். 5-க்குள் இருந்தால் நல்லது. பிரிட்டனில் குறைந்தது 85 சதவீத இடங்களில் 5-க்குள் வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஒரு சாலைத் திட்ட அறிக்கை கையில் கிடைத்தால் நான் முதலில் புரட்டுவது இந்த ஒப்பீடு இருக்கும் பக்கத்தைத்தான். அழகான முப்பரிமாணக் காணொளி இருந்து இந்தப் பக்கம் இல்லையென்றால், அது விளம்பரம்.

இன்றைய நாளைச் சரியாகச் சொன்ன மாதிரி இருபது ஆண்டு கழித்து நடப்பதையும் சரியாகச் சொல்லும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சாலையின் விதிகள் மெதுவாக மாறும்; மனிதர்களின் நாள் சட்டென்று மாறும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. டெக்னோபார்க் ஊழியர்கள் மடிக்கணினியோடு வீட்டுக்குப் போனார்கள். கழக்கூட்டத்தின் காலை நெரிசலுக்குக் காரணமான கூட்டமே சாலையிலிருந்து காணாமல் போனது. முந்தைய ஆண்டு செய்த எந்த மாதிரியிலும் அப்படி ஒரு வரி இருந்திருக்க வாய்ப்பில்லை. தெற்கே விழிஞ்ஞம் துறைமுகம் இன்னொரு வகை. 2024 ஜூலையில் முதல் பெரிய சரக்குக் கப்பல் சான் ஃபெர்னாண்டோ வந்தது, 2025 மே 2-ஆம் தேதி துறைமுகம் முறைப்படி தொடங்கியது. இத்தனை பெரிய துறைமுகம் என்றால் இத்தனை லாரி என்று பெருக்கிவிடக் கூடாது. அங்கே இறங்கும் பெட்டிகளில் பெரும்பகுதி ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்கு மாறுபவை. அவை தார்ச்சாலையைத் தொடுவதே இல்லை. உள்நாட்டுச் சரக்கு சாலையில் இறங்கத் தொடங்கும் ஆண்டு எது, அளவு எவ்வளவு என்று மாதிரியிடம் நாம்தான் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் அது தப்பையே மிகத் துல்லியமாகத் திருப்பிச் சொல்லும்.

பெந்த் ஃப்ளிவ்பியர்க் என்கிற டென்மார்க் ஆய்வாளரும் சகாக்களும் 14 நாடுகளின் 210 திட்டங்களை எடுத்து, முன்கணிப்பையும் பின்னால் வந்த உண்மையையும் ஒப்பிட்டு 2005-இல் வெளியிட்டார்கள். சாலைத் திட்டங்களில் பாதியில் வித்தியாசம் 20 சதவீதத்துக்கும் மேல். ரயில் திட்டங்களில் பத்தில் ஒன்பது, வராத பயணிகளை வருவார்கள் என்று சொல்லியிருந்தன. எல்லாப் பிழையும் கணக்கின் பிழையல்ல. திட்டம் வேண்டும் என்று முன்பே முடிவெடுத்தவரிடம் வளர்ச்சி விகிதத்தை நிரப்பும் கட்டம் இருக்கும்போது, கணினி என்ன செய்யும்?

இத்துடன், பாலமே புதுப் பயணங்களை வரவழைக்கும். கல்யாண விருந்தில் பந்தி சீக்கிரம் கிடைக்கிறது, வரிசை இல்லை என்று தெரிந்தால், பத்திரிகை வாங்கிவிட்டுத் தயங்கியவர்களும் குடும்பத்தோடு வந்துவிடுவார்கள். லண்டனைச் சுற்றி 1986-இல் முழுமையடைந்த எம்-25 நெடுஞ்சாலையில் வண்டிகள் கணிப்பை எட்டிப் பிடித்துத் தாண்டியபோது பிரிட்டனில் இந்தக் கேள்வி எழுந்தது. 1994-இல் அரசே அமைத்த நிபுணர் குழு, புதுச் சாலைகள் புதுப் பயணங்களைத் தூண்டுகின்றன என்று ஒப்புக்கொண்டது. நான்கு படிகளையும் ஒருமுறை இறங்கிவிட்டு நிறுத்தும் மாதிரிக்கு இது தெரியாது. நான்காவது படியில் கிடைத்த புதிய பயண நேரத்தை எடுத்துக்கொண்டு மறுபடி முதல் படிக்கு ஏற வேண்டும். பாலம் வந்துவிட்டது என்பதற்காக ஆற்றிங்கலில் வீடு வாங்குகிறவர் அங்கேதான் கணக்கில் சேர்வார். அதே எம்-25-இல் 1995-இல் செய்த மாற்றம் இதற்கு நேர் எதிர்: ஒரு தடமும் கூட்டாமல், நெரிசல் நேரத்தில் வேக வரம்பை மின்பலகையில் குறைத்துக் காட்டினார்கள். எல்லோரும் கொஞ்சம் மெதுவாக, ஆனால் ஒரே சீராகப் போக, நின்று நின்று நகரும் அலைகள் குறைந்தன. சுகியாமாவின் வட்டத்தை நினைத்தால் காரணம் புரியும்.

கழக்கூட்டத்தில் இப்போது எழுந்திருக்கும் கேள்விக்கு வருகிறேன். கேரளத்தின் வடகோடியில் தலப்பாடியிலிருந்து தேசிய நெடுஞ்சாலை 66-ஐ ஆறு வழியாக்கும் பணியின் தென்முனை கழக்கூட்டம். அங்கிருந்து காரோடு வரை முன்பே நான்கு வழியாகக் கட்டப்பட்டுவிட்டது; உயர்மட்டச் சாலையும் நான்கு வழியே. ஒரு திசைக்கு மூன்று தடமாக வரும் சாலை இரண்டாகச் சுருங்கும். மூன்று தடமும் நிரம்பி வரும் காலையில் என்ன ஆகும்? வண்டிகளில் மூன்றில் ஒரு பங்கு கழக்கூட்டத்திலேயே இறங்கி டெக்னோபார்க்குக்கோ ஸ்ரீகாரியம் வழியாக நகருக்கோ பிரிந்துவிட்டால், மிச்சம் இரண்டு தடத்தில் அப்படியே அடங்கிவிடும்; சுருக்கம் நடந்ததே யாருக்கும் தெரியாது. பத்தில் ஒரு பங்குதான் இறங்குகிறது என்றால், பாலத்தின் வாயில் பிறக்கும் அலை வடக்கே கணியாபுரம், மங்கலபுரம் பக்கமாகப் பின்னோக்கிக் கிளம்பும். இறங்குபவர்கள் மிக அதிகம் என்றால் மேலே சுகம், ஆனால் கீழ்ச்சாலை மூச்சுத் திணறும். எத்தனை வண்டி வருகிறது என்பதைவிட, வந்ததில் எத்தனை இறங்குகிறது என்பதே இன்னமும் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஒரு குறுகல் நீங்கியதால் கூடுதலாக வந்து சேரும் வண்டிகளைத் தெற்கே ஆக்குளமும் ஈஞ்சக்கலும் தாங்குமா என்பதும் இதே அட்டவணையின் இன்னொரு வரிசைதான்.

பிரிட்டனில் பெரிய நெடுஞ்சாலைத் திட்டம் ஒன்று முடிந்தால், திறந்து ஓராண்டு கழித்து ஒருமுறை, ஐந்தாண்டு கழித்து இன்னொரு முறை போய் எண்ணி, கட்டும் முன் சொன்ன எண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சிட்டுப் பொதுவில் வைக்கிறார்கள். கணிப்பு எவ்வளவு தவறியது, ஏன் தவறியது என்பது அடுத்த மாதிரியைச் செய்பவருக்குப் பாடமாகிறது. கழக்கூட்டம் உயர்மட்டச் சாலைக்கு அந்த ஐந்தாண்டு 2027 இறுதியில் நிறைகிறது. எண்ணத் தெரிந்தவர்கள் ஆக்குளத்திலேயே இருக்கிறார்கள்.